அவுட்போர்டு எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதும் ரன்னிங்-இன் ஓட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கமும் யாழ்ப்பாணம், மன்னார் பக்கமும் ஃபைபர் படகுகளின் பின்பலகையில் தொங்கும் இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களை மனதில் வைத்து எழுதியது இது. இலங்கையில் வெளியிணைப்பு இயந்திரம் என்பார்கள். யமஹா எண்டியூரோ 15 எச்.பி., 40 எச்.பி. மாதிரியான எஞ்சின்கள். மற்ற கம்பெனி எஞ்சின்களுக்கும் வேலை முறை ஏறக்குறைய இதுதான். அளவுகளை மட்டும் அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ரன்னிங்-இன் என்பது புதுப் பாகம் போட்ட எஞ்சினை, பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வரை முதல் சில மணி நேரம் பக்குவமாக ஓட்டுவது.

எஞ்சின் இழுவை குறைந்துவிட்டது. கட்டாயம் பிரிக்க வேண்டுமா?

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கிவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு எர்த் செய்யுங்கள். பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து, கேஜ் முள் இனி ஏறாது என்கிற வரை கயிற்றை இழுங்கள். பலர் ஆக்சிலேட்டரை மூடி வைத்துப் பார்த்துவிட்டுக் கம்ப்ரஷன் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். காற்று உள்ளே போக வழி இல்லாவிட்டால் முள் எப்படி ஏறும்?

கேஜ் காட்டும் அளவைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று 115 பி.எஸ்.ஐ., மற்றொன்று 112 என்றால் கவலை இல்லை. 115-க்கு 85 என்றால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் தேட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கம்ப்ரஷன் இரண்டிலும் சரியாக இருந்தால் கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், பிளக், டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை என்று வெளியே தேடுங்கள். அடைபட்ட ஒரு ஜெட்டுக்காக எஞ்சினையே பிரித்துப் போட்ட பட்டறைகள் நிறைய.

பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள். பிஸ்டன் தானாகச் சாவதில்லை, ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால், அதே கை புதுசையும் கொல்லும். ரன்னிங்-இன் முடிவதற்குள்ளேயே சீஸ் ஆன, அதாவது பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு நின்ற எஞ்சின்களில் பெரும்பாலானவை இப்படிப் போனவைதான்.

பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடாதீர்கள். துடைக்காமல், எந்தப் பக்கம் எக்ஸாஸ்ட் என்று குறித்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் துணியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசி, அலுமினியம் இழுபட்டு ரிங் மேல் அப்பியிருந்தால், அந்தப் பக்கம்தான் அதிகச் சூடாகும் பக்கம். ஆயில் குறைந்திருக்கலாம், தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கலாம், பெட்ரோல் குறைவாக வந்து எஞ்சின் லீனாக ஓடியிருக்கலாம். சுற்றிலும் நான்கு இடத்தில் உரசியிருந்தால் இடைவெளி போதாமல் இறுக்கமாகப் போர் அடித்திருக்கிறார்கள் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவதுதான் போர் அடிப்பது), அல்லது குளிர்ந்த எஞ்சினை எடுத்த எடுப்பில் முறுக்கியிருக்கிறார்கள். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்தோ உருகியோ இருந்தால் லீனாக ஓடியது, டைமிங் (பிளக் பொறி விழும் நேரம்) முன்னே போனது, தவறான பிளக் என்று தேடலாம். தலையிலும் ஹெட்டிலும் சிறு சிறு கொத்தல் இருந்தால் உடைந்த ரிங் துண்டோ பேரிங் துண்டோ உள்ளே சுற்றியிருக்கிறது. மற்றது கறுப்பாக இருக்க, ஒரு பிஸ்டனின் தலை மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றிருந்தால், ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் வருகிறது.

அடுத்து, அடிபட்டது ஒன்றா இரண்டா என்று பாருங்கள். இரண்டுமே போயிருந்தால் இரண்டுக்கும் பொதுவான காரணம்: ஆயில் கலக்காத பெட்ரோல், தேய்ந்த வாட்டர் பம்ப் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்), அடைத்த பெட்ரோல் ஹோஸ். ஒன்று மட்டும் போயிருந்தால் அந்தச் சிலிண்டருக்கே உரிய காரணம்: அதன் ஜெட், அதன் ரீட் வால்வு (கலவையை உள்ளே விட்டுத் திரும்ப விடாத மெல்லிய தகடு), அந்தப் பக்கத்து கிராங்க் ஆயில் சீல். சூடேறிப் போன எஞ்சினில் பெரும்பாலும் மேல் சிலிண்டர்தான் முதலில் அடிவாங்கும். தண்ணீர் குறையும்போது மேலேதான் ஆவி தங்கும்.

காரணம் இன்னது என்று உறுதியாகச் சொல்ல முடிந்த பிறகு புதுப் பிஸ்டன் வாங்குங்கள்.

போல்ட் எல்லாம் உப்பில் பிடித்து உடைகிறதே?

அலுமினிய உடம்பில் ஸ்டீல் போல்ட், சுற்றிலும் உப்புத் தண்ணீர். பிடிக்காமல் என்ன செய்யும்? ஊடுருவும் எண்ணெயை முந்தின நாளே அடித்து விடுங்கள். கழற்றும்போது போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். போல்ட்டைவிட அலுமினியம் அதிகம் விரியும். ஸ்பேனரை ஒரே இழுப்பாக இழுக்காமல், கொஞ்சம் கழற்றி, திரும்ப இறுக்கி, திரும்பக் கழற்றுங்கள். நெருப்பு வைக்கும் முன் டேங்க், ஹோஸ், கார்புரேட்டர் எல்லாம் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

பழைய போரிலேயே புது ரிங் போட்டுவிடலாமா?

அளந்து பார்த்தால் தெரியும். கண்ணால் பார்த்தோ நகத்தால் தடவியோ தெரியாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடம். ஒவ்வோர் இடத்திலும் குறுக்காக இரண்டு திசை. ஆக ஆறு அளவு. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.08 மி.மீ.-க்கு மேலோ, ஒரே மட்டத்தில் இரண்டு திசைக்கும் வித்தியாசம் 0.05 மி.மீ.-க்கு மேலோ போனால் போர் அடிக்க வேண்டும் என்பது யமஹா எஞ்சின்களில் வழக்கமான எல்லை. ஆழமான கோடு இருந்தால் அளக்கவே வேண்டாம், போர்தான்.

அளவு எல்லைக்குள் இருந்து, பிஸ்டன் பாவாடைப் பகுதியும் நல்லபடியாக இருந்தால், லேசாக ஹோன் செய்து (சாணைக்கல்லால் சுவரில் நுண்ணிய கோடுகள் விழத் தேய்த்து) புது ரிங் போடலாம். ஹோன் செய்யாமல் போடாதீர்கள். ஓடி ஓடிக் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்ட சுவரில் புது ரிங் உட்காரவே உட்காராது.

போர் அடிப்பதென்றால் பிஸ்டனை முதலில் வாங்கி, அதோடு லேத் பட்டறைக்குப் போங்கள். 0.25, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் கிடைக்கும். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பிப் போர் அடிக்கக் கூடாது. கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு மேனுவல் சொல்லும் இடைவெளியைச் சேர்த்துத்தான் போரின் அளவு. அந்த இடைவெளி சிறிய எஞ்சினுக்கும் பெரியதற்கும் ஒன்றல்ல. 56 மி.மீ. போர் உள்ள 15 எச்.பி.க்குச் சரியான இடைவெளி, 80 மி.மீ. போர் உள்ள 40 எச்.பி.க்குப் போதாது. பைக் எஞ்சின் பழக்கத்தில் "கொஞ்சம் டைட்டா இருக்கட்டும், ஓட ஓட லூஸ் ஆயிடும்" என்பவர்களிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பட்டறைக்காரர் மறக்கும் இன்னொன்று உண்டு. டூ-ஸ்ட்ரோக் சிலிண்டர் சுவரில் கலவை உள்ளே வரவும் புகை வெளியேறவும் போர்ட் துளைகள் இருக்கின்றன. போர் அடித்ததும் அவற்றின் விளிம்பு கத்திபோல் கூராகிவிடும். அதை மெல்ல மழுக்கிச் சரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரிங் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் விளிம்பு அதைச் சீவும். ஒருநாள் ரிங் மாட்டி உடையும். விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு போர்ட்டையும் நீங்களே தடவிப் பாருங்கள்.

பாகங்கள் ஒரிஜினல்தான் வேண்டுமா?

பிஸ்டன், ரிங், கிராங்க் சீல், இம்பெல்லர் நான்கிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். வேறு கலவையில் வார்த்த பிஸ்டன் சூட்டில் வேறு அளவுக்கு விரியும், நீங்கள் அளந்து வைத்த இடைவெளிக்கு அர்த்தம் இல்லாமல் போகும். பிஸ்டன் பின் கிளிப்பை ஒருமுறை கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். விலையோ மிகக் குறைவு, கழன்றால் போவதோ சிலிண்டர். பழைய எவின்ரூட், ஜான்சன் வைத்திருப்பவர்கள் வேலை தொடங்கும் முன்பே எல்லாப் பாகமும் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். எவின்ரூட் அவுட்போர்டு உற்பத்தியை அதன் உரிமையாளரான பி.ஆர்.பி. நிறுவனம் 2020-இல் நிறுத்திவிட்டது.

போர் அடித்து வந்த பிளாக்கைப் பெட்ரோலில் கழுவினால் போதுமா?

போதாது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெயைக் கரைக்கும், அவ்வளவுதான். ஹோன் கல்லின் பொடி சுவரின் நுண்ணிய கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுதண்ணீர், சோப்பு, நைலான் பிரஷ் வைத்துத் தேயுங்கள். பிறகு வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி சோப்பு. துணி வெள்ளையாகவே வரும் வரை விடாதீர்கள். வந்த அடுத்த நிமிடமே 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) தடவுங்கள். கடற்கரைக் காற்றில் பச்சை இரும்பு துருப்பிடிக்க அதிக நேரம் ஆகாது. இந்த ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் செலவழித்தாலும் தகும். பொடியோடு கட்டிய எஞ்சினில் ரன்னிங்-இன் என்று நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு மணி நேரமும் தேய்மானம்தான்.

ரிங் மாட்டுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

பிஸ்டனில் மாட்டும் முன் ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, சாயாமல் நிற்க வைத்து, இரு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். போர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது நினைவில் வைக்க எளிய கணக்கு: 56 மி.மீ. போருக்குச் சுமார் 0.22, 80 மி.மீ.க்குச் சுமார் 0.32. இடைவெளி மிகக் குறைந்தால் சூட்டில் இரு முனையும் முட்டி, ரிங் சுவரை அழுத்தி இழுக்கும்.

மேல் ரிங்கும் கீழ் ரிங்கும் பல மாடல்களில் வேறு வேறு வடிவம்; மாற்றிப் போட்டால் பள்ளத்தில் இறுகிவிடும். முனையருகே எழுத்து இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனின் ரிங் பள்ளத்தில் ஒரு சின்னப் பின் இருக்கும். ரிங் சுற்றிப் போய் அதன் வாய் போர்ட்டில் மாட்டாமல் இருக்கத்தான் அது. ரிங்கின் இரு முனையும் அந்தப் பின்னை அணைத்து உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சிலிண்டருக்குள் விடுங்கள். யமஹா பிஸ்டனில் "அப்" என்ற குறி ஃப்ளைவீல் பக்கம் பார்க்க வேண்டும். மாட்டி முடித்ததும் எக்ஸாஸ்ட் வழியாக ஸ்குரூ டிரைவர் நுனியால் ரிங்கை மெல்ல அழுத்துங்கள். உள்ளே போய்த் துள்ளி வெளியே வந்தால் ரிங் முழுசாக இருக்கிறது.

கிராங்க் பக்கம் கை வைக்கலாமா?

பேரிங்கைக் கழுவி உலர்த்தி, 2டி ஆயில் விட்டுக் கையால் சுழற்றுங்கள். கரகரப்போ துருப்புள்ளியோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். தனித்தனி ஊசி உருளைகளாக வரும் பேரிங் என்றால் கழற்றும்போதே எண்ணி எழுதி வையுங்கள். கட்டும்போது ஒன்று குறைந்தாலும் அது எஞ்சினுக்குள்தான் கிடக்கும். கனெக்டிங் ராடு வளைந்திருந்தாலோ, கிராங்க்கை அழுத்திப் பிரித்துச் சேர்க்க வேண்டியிருந்தாலோ அதற்கான பிரஸ்ஸும் டயல் கேஜும் உள்ள இடத்தில் கொடுங்கள்.

ஆயில் சீல்களைக் கட்டாயம் மாற்றுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் என்பது காற்றடைத்த அறை. மேல் சீல் கசிந்தால் காற்று உள்ளே போய் அந்தச் சிலிண்டர் லீனாகும். கீழ் சீல் கசிந்தால் எக்ஸாஸ்ட் புகையும் உப்பு ஈரமும் ஏறிக் கீழ்ப் பேரிங்கைத் தின்னும். கிராங்க் கேஸின் இரு பாதியும் ஒன்றாக வைத்துக் கடைந்தவை. வேறு எஞ்சினின் பாதியைச் சேர்க்க முடியாது. நடுவே பேப்பர் கேஸ்கட் வெட்டி வைக்காதீர்கள், கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கானும் வேண்டாம். மேனுவல் சொல்லும் பசையை மெல்லிய கோடாகப் போடுங்கள். பிதுங்கி உள்ளே விழும் பசை நேராக ரீட் வால்வுக்கும் பேரிங்குக்கும்தான் போகும்.

ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில், நடுவில் தொடங்கி வெளியே, இரண்டு மூன்று தவணையாக இறுக்குங்கள். ஃப்ளைவீல் உட்காரும் சரிவில் மட்டும் சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது.

ரன்னிங்-இன் போது எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும்?

வழக்கமாக 50:1 கலக்கும் யமஹா எஞ்சினுக்கு முதல் 10 மணி நேரம் 25:1. அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மி.லி.; 24 லிட்டர் டேங்குக்கு 960 மி.லி. அதன் பிறகு இதில் பாதி. ஆயில் தனி டேங்கில் இருந்து தானாகப் போகும் மாடல் என்றால், அதையும் ஓடவிட்டு, பெட்ரோல் டேங்கிலும் 50:1 கலக்க வேண்டும். ஆயிலை முதலில் கொஞ்சம் பெட்ரோலில் கலக்கி நன்றாகக் குலுக்கி, பிறகு மிச்சப் பெட்ரோலை ஊற்றுங்கள். படகு ஆடும்போது தானாகக் கலந்துவிடும் என்று விட்டால் முதல் அரை மணி நேரத்துக்கு என்ன போகிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்னும் அதிகமாகக் கலந்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஆயில் அதிகமானால் அதே அளவு பெட்ரோலில் எரியக்கூடியது குறையும், எஞ்சின் லீன் பக்கம் சாயும், பிளக்கும் அடைக்கும்.

பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயில் ஆகுமா?

ஆகாது. டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்க வேண்டும். அது தண்ணீரில் குளிரும் படகு எஞ்சினுக்கென்று அமெரிக்காவின் படகுத் தொழில் உற்பத்தியாளர் சங்கமான என்.எம்.எம்.ஏ. வகுத்த தரம், எரிந்தபின் சாம்பல் விடாத வகை. பைக் ஆயிலில் சாம்பல் தரும் சேர்மானங்கள் உண்டு. மணிக்கணக்கில் ஒரே முறுக்கில் ஓடும் அவுட்போர்டில் அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையில் படிந்து, தணலாகி, பிளக் பொறிக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழ அது ஒன்றே போதும்.

முதல் ஸ்டார்ட்டை எங்கே செய்வது?

பெரிய டிரம் அல்லது கரையோரத் தண்ணீர். ப்ரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டையையும் தாண்டித் தண்ணீர் நிற்க வேண்டும். இம்பெல்லர் புதிதாக இருக்க வேண்டும், தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு செகண்ட்" ஸ்டார்ட் செய்து பார்க்கும் வழக்கத்தை விடுங்கள்; காய்ந்த ரப்பர் இம்பெல்லர் அந்த நேரத்திலேயே கிழியத் தொடங்கும்.

ஸ்டார்ட் ஆனதும் கண் போக வேண்டிய இடம் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் துளை. அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் நிறுத்துங்கள். அதிக ஆயிலால் புகை மண்டும், அது இயல்பு. ஹெட் ஓரம், எக்ஸாஸ்ட் மூடி ஓரம் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள்.

அந்தப் பத்து மணி நேரத்தை எப்படி ஓட்டுவது?

டூ-ஸ்ட்ரோக்குக்கு யமஹா சொல்லும் முறை இது. முதல் 10 நிமிடம், எவ்வளவு மெதுவாக ஓடுமோ அவ்வளவு மெதுவாக. அடுத்த 50 நிமிடம் பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல், ஏறக்குறைய 3000 ஆர்.பி.எம். வரை. இரண்டாவது மணி நேரத்தில் முக்கால் ஆக்சிலேட்டர், 4000 ஆர்.பி.எம். அளவு, நடுவில் ஒரு நிமிடம் முழுசாக முறுக்கி, பிறகு பத்து நிமிடம் முக்காலோ குறைவோ. மீதி எட்டு மணி நேரம் சாதாரணமாக ஓட்டலாம். முழு ஆக்சிலேட்டரில் ஒரேயடியாக ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இதில் பலர் தவறவிடும் வரி ஒன்று உண்டு: வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து மணி நேரமும் மாட்டுவண்டி போல ஒரே சீராக உருட்டுவது ரன்னிங்-இன் இல்லை. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து வெளியே தள்ளுகிறது. முறுக்கும்போது அந்த அழுத்தம் ஏறி, ரிங்கின் முகமும் ஹோன் கோடுகளின் நுனியும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்துகின்றன. முறுக்கைக் குறைக்கும்போது அந்த உரசலின் சூடு தணிகிறது. இரண்டும் மாறி மாறி நடக்க வேண்டும். அதனால்தான் லேசான படகென்றால், முதல் மணி நேரத்திலேயே ஒரு முறுக்கில் நீர்மேல் எழுப்பிவிட்டு உடனே 3000-க்கு இறக்கச் சொல்கிறார்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதபடி போகும் நிலையில் எஞ்சினை வைத்திருப்பதுதான் அதற்குப் பெரிய பாரம்.

டேக்கோமீட்டர் இல்லையே?

பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. ஓடிய மணி நேரத்தையும் அதுவே காட்டும். வாங்கிவிடுங்கள். அதுவரை கைப்பிடியின் திருப்பத்தை வைத்து ஓட்டுங்கள்: முழுத் திருப்பத்தில் பாதியில் பெயிண்ட்டால் ஒரு கோடு, முக்காலில் ஒரு கோடு.

டிரம்மிலேயே பத்து மணி நேரம் ஓடவிட்டால் ஆகாதா?

ஆகாது. பாரம் இல்லாமல் ஓடினால் ரிங்குக்குப் பின்னால் அழுத்தம் வராது. அதிக ஆயிலும் சேர்ந்து கரி படியும், சுவர் வழுவழுப்பாகும், ரிங் உட்காரும் வாய்ப்பே போய்விடும். டிரம் தண்ணீரும் சூடாகிக்கொண்டே போகும். டிரம்மில் முதல் சில நிமிடங்கள், மிச்சம் கடலில்தான்.

ரன்னிங்-இன் போதே தொழிலுக்குப் போகலாமா?

முதல் இரண்டு மணி நேரத்தை வலை இல்லாமல், ஐஸ் இல்லாமல், கரை தெரியும் தூரத்தில், துணைக்கு இன்னொரு படகு கூப்பிடு தூரத்தில் இருக்க ஓட்டுங்கள். அதன்பின் அரைச் சுமையோடு பக்கத்துப் பாடுகளுக்கு (மீன்பிடி இடங்களுக்கு) போகலாம். தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். அவர்களுக்கு எஞ்சின் வேலை பார்க்க அந்த ஓய்வு கிடைக்கிறது. நாட்டுப்படகுக்கும் ஃபைபருக்கும் அது இல்லை. ஒருநாள் நின்றால் ஒருநாள் சோறு போச்சு. அவசரம் புரிகிறது. ஆனாலும் அந்த முதல் இரண்டு மணி நேரத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போதைய எத்தனால் பெட்ரோல் பாதிக்குமா?

இந்தியப் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அவுட்போர்டு மேனுவல்கள் பொதுவாக 10 சதவீதம் வரைதான் ஏற்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும்; அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரியும். ஹோஸ் அந்த அடியில் இருந்துதான் உறிஞ்சுகிறது, அங்கே ஆயிலும் இருக்காது. புதிதாகக் கட்டிய எஞ்சினுக்கு இதைவிட மோசமான விருந்து கிடையாது. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கிக் கலக்குங்கள், தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள், எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு மாறுங்கள், எஞ்சின் சும்மா நிற்கப் போகிறதென்றால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள். எத்தனாலில் எஞ்சின் சற்று லீனாக ஓடும் என்பதால் ரன்னிங்-இன் முடிந்ததும் பிளக் நிறத்தைப் பார்ப்பது இன்னும் அவசியம்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டலாமா?

மண்ணெண்ணெய்க்கென்று செய்த மாடலில் ஓட்டலாம். யமஹாவில் மாடல் பெயரில் "கே" என்ற எழுத்து இருக்கும். கம்ப்ரஷன் குறைவாக வைத்திருப்பார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வந்து நிறுத்த வேண்டும். இரண்டிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும். பெட்ரோல் மாடலில் மண்ணெண்ணெய் ஊற்றினால் அது நேரம் தவறி வெடித்து எரிந்து, சுத்தியலால் தட்டுவதுபோல் உள்ளே அடிக்கும். அந்த அடியில் ரிங் பள்ளத்தின் ஓரம் உடையும். 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியபோது சிறுபடகுக்காரர்களுக்கு விழுந்த அடி பெரியது. அந்த விலையில் ரிங் சரியாக உட்காராத எஞ்சின் குடிக்கும் எரிபொருளும் கணக்கில் வரும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால்?

பத்து மணி நேரம் என்ற கணக்கு அதற்கும் உண்டு, படிகள் வேறு: யமஹாவில் முதல் மணி நேரம் 2000 ஆர்.பி.எம்., இரண்டாவது 3000, மீதி எட்டில் முழு முறுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. மேனுவல் சொல்லும் மணி நேரத்தில், பெரும்பாலும் 20-இல், முதல் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போய், பெட்ரோல் வாடை அடித்தால் ரிங் இன்னும் உட்காரவில்லை. மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் அர்த்தம்.

அலைவாயில் படகு கவிழ்ந்து எஞ்சின் மூழ்கிவிட்டது. பிரிக்க வேண்டுமா?

சீக்கிரம் கவனித்தால் தப்பும். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியதா, நின்றபின் மூழ்கியதா என்று முதலில் கேளுங்கள். ஓடும்போது தண்ணீரை விழுங்கியிருந்தால் ராடு வளைந்திருக்கலாம்; பிளக் கழற்றி ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றும்போது எங்காவது தட்டினால் அதோடு நிறுத்திவிட்டுப் பிரியுங்கள். மணல் கரகரத்தாலும் அப்படியே. இரண்டும் இல்லையென்றால் நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவி, பிளக் துளை வழியாகத் தண்ணீரை வெளியேற்றி, கார்புரேட்டரை வடித்து, சிலிண்டரில் 2டி ஆயில் விட்டுச் சுற்றி, அன்றே ஸ்டார்ட் செய்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று கரையில் விட்டால் பேரிங்கில் துரு ஏறிவிடும். அன்றைக்கு முடியாவிட்டால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் எஞ்சினை முழுக்க மூழ்க வைத்திருங்கள். காற்று படுவதைவிட அது மேல்.

பத்து மணி நேரம் முடிந்தது. என்னென்ன பார்க்க வேண்டும்?

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்தபின், மேனுவல் சொன்னால் ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள். இரண்டு பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: காப்பிப்பொடி நிறம் என்றால் நல்லது, வெள்ளை என்றால் லீன், உடனே காரணம் தேடுங்கள். டேங்கில் மிச்சமுள்ள 25:1 கலவையைத் தீர்த்துவிட்டு 50:1-க்கு மாறுங்கள். கியர் ஆயிலை வடித்து மாற்றுங்கள். காந்தத் திருகில் மெல்லிய பொடி ஒட்டியிருந்தால் இயல்பு, துண்டுகள் என்றால் கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டும், ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

வழக்கமான சுமையோடு முழு முறுக்கில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். இந்த எண்டியூரோ வகைகளில் 4500-க்கும் 5500-க்கும் நடுவில் வர வேண்டும். 4500-ஐ எட்டாமல் திணறினால் ப்ரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதிகம்; குறைந்ததை மாட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டதால் புது பிஸ்டன் மறுபடி சூடேறிப் போன படகுகள் உண்டு.

கடைசியாகக் கம்ப்ரஷன். சூடான எஞ்சின், திறந்த ஆக்சிலேட்டர், அதே கேஜ். கட்டியவுடன் பார்த்ததைவிட இப்போது சற்று ஏறி, இரண்டு சிலிண்டரும் நெருங்கி வந்திருந்தால் ரிங் உட்கார்ந்துவிட்டது. அந்த இரண்டு எண்ணையும் தேதியோடு எஞ்சின் மூடியின் உட்புறம் அழியாத பேனாவில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் இழுவை குறைகிறது என்று தோன்றும்போது முதலில் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.